எண்பத்தெட்டு புள்ளி ஒன்றில் என் அக்கா

"...கடைசி நாலு வார்த்த மட்டும் கொரகொரன்னு பூட்ச்சு நைனா. உங்க அக்காவ இன்னொரு வாட்டி சொல்லச் சொல்லு."

எண்ணூர் நெடுஞ்சாலையில், டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே மாட்டி நின்ற என் கார் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு இப்படிக் கேட்டவர் லூர்தம்மா. என் அக்கா பிலோமினாவுக்கு மாமியாராக வரவேண்டியவர். வருவாரா மாட்டாரா என்பது அந்த நொடியில் கர்த்தருக்கு மட்டுமே வெளிச்சம்.

ஒரு சாமானை நன்றாக வேலை செய்யவைத்தால் என்ன கேடு வரும் என்பதற்கு நானே சாட்சி.

மாப்பிள்ளை வீட்டார் அன்று நிச்சயம் பேச எண்ணூரிலிருந்து ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் போய் வழிகாட்டும் பொறுப்பு எனக்கு. அதற்காகத் தோஸ்த் ஒருவனிடம் காரை இரவல் வாங்கியிருந்தேன். பழைய கார். ரேடியோ மட்டும்தான் உண்டு; போனில் இருக்கும் பாட்டை அது மதிக்காது. அதனால் வண்ணாரப்பேட்டை நடைபாதைக் கடையில் ஒரு எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் வாங்கினேன். கட்டைவிரல் அளவுதான். சிகரெட் லைட்டர் ஓட்டையில் செருகினால், போனில் ஓடுவதைக் குட்டி வானொலி நிலையம் போல ஒலிபரப்பும். ரேடியோவில் அதே எண்ணை வைத்தால் பாட்டு வரும்.

வரும் என்று கடைக்காரர் சொன்னார். எனக்கு வந்தது இரைச்சல்.

"இன்னாடா இது, எண்ணெச் சட்டில அப்பளம் போட்டாப்புல கீது?" என்றான் தோஸ்த்.

விடுவேனா? ஒரு வாரம் அந்தக் காருக்குள்ளேயே குடியிருந்தேன். எந்த நிலையமும் இல்லாத காலி எண் வேண்டும் என்று நானாகவே கண்டுபிடித்தேன். (ராயபுரத்தில் காலி வீடு தேடுவது இதைவிடச் சுலபம்.) எண்பத்தெட்டு புள்ளி ஒன்று ஆளில்லாமல் கிடந்தது. போன் சத்தத்தை முழுசாக வைத்தால் பாட்டு பிளிறியது; முக்காலில் நிறுத்தி, மிச்சத்தை ரேடியோவில் ஏற்றினேன். துடைத்து வைத்த வெண்கலம் மாதிரி வந்தது பாருங்கள்! வானொலியைக் கண்டுபிடித்தவரே நேரில் வந்திருந்தாலும், "சாரு கொஞ்சம் ஓரமா குந்து" என்று சொல்லியிருப்பேன்.

அந்தப் பெருமை அத்தோடு அடங்கியிருக்கலாம். மாப்பிள்ளை அமல் என் காரின் பின் சீட்டில் ஏறினார். மற்ற எல்லோரும் பின்னால் வேனில். நான் வேன் டிரைவரிடம் போய், "அண்ணாத்த, நீங்களும் ரேடியோல எம்பத்தெட்டு புள்ளி ஒண்ணு வையுங்க. ரெண்டு வண்டிலயும் ஒரே பாட்டு!" என்றேன்.

வண்டிகள் ஓடும்போது வேனில் பாட்டு அறுந்து அறுந்துதான் கேட்டதாம். துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் வரிசையில் மாட்டி, வேனின் மூக்கு என் டிக்கியை இடிக்கிற மாதிரி நின்றதும் தெளிந்துவிட்டது. டிராபிக் ஜாமில் சந்தோஷப்பட்ட ஒரே வடசென்னைக்காரன் நான்தான். கண்ணாடியில் பார்த்தால், வேனில் முன் சீட்டிலிருந்த லூர்தம்மா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர் அவர். சத்தத்தைப் பற்றி அவர் கொடுக்கும் சான்றிதழ் லேசுப்பட்டதா?

அப்போதுதான் அக்காவின் போன் வந்தது.

அக்கா கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறாள். நைட் ஷிப்டும் உண்டு. இது தெரிந்தால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று அப்பாவுக்கு நடுக்கம். 'ஆபீஸ் வேலை' என்று தரகரிடம் சொல்லிவைத்துவிட்டு, "நிச்சயம் முடியட்டும், அப்பால சொல்லிக்கலாம். நீ வாயத் தொறக்காத" என்று என்னையும் எச்சரித்து அனுப்பியிருந்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை. டிரான்ஸ்மிட்டரில் இருந்த பட்டனை அமுக்கினேன்; அதிலேயே போனும் பேசலாம். (அமலுக்கு என் கருவியின் இன்னொரு வித்தையைக் காட்ட வேண்டாமா?) பாட்டு நின்றது. ரேடியோவில் அக்கா வந்தாள்.

"டேய் ஜானி! ஆபீஸ் வேலன்னு அப்பா புருடா வுட்டுகினு கீறாராமே?"

"யக்கா, அப்பால பேசிக்கலாம்க்கா!" என்று அலறினேன். கட் பண்ணப் பட்டனைக் குத்தினால் விளக்கு கண்ணடித்ததே தவிர அக்கா போகவில்லை. சட்டென்று ரேடியோ சத்தத்தை அடியோடு குறைத்தேன். காருக்குள் நிசப்தம். "டவர் பேஜார் பண்ணுது மாமா" என்று அமலிடம் சொல்லிவிட்டு நெற்றியைத் துடைத்தேன். அமல் பக்கத்து லாரியின் டயரையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னா மூளைடா உனக்கு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

நான் குறைத்தது என் கார் ரேடியோவை. வேன் ரேடியோவை யார் குறைப்பார்கள்? அங்கே அக்கா கணீரென்று பேசிக்கொண்டிருந்தாள். நான் கெஞ்சியதுதான் அங்கே கேட்காது. அவள் பேசியது அப்படியே கேட்கும். வேன் கதவு திறந்தது கண்ணாடியில் தெரிந்தபோதுதான் இந்த விஞ்ஞானம் எனக்கு உறைத்தது.

இன்றைக்கும் எங்கள் இரண்டு வீட்டிலும் யாராவது எதையாவது மென்று முழுங்கினால், "எம்பத்தெட்டு புள்ளி ஒண்ணுல சொல்லு" என்கிறார்கள். என் பிள்ளைகளுக்கு அது ஒரு ரேடியோ எண் என்பதே தெரியாது. 'உண்மை' என்பதற்கு இன்னொரு பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, ஜன்னலுக்கு வருவோம். ரேடியோ சத்தத்தைக் கூட்டினேன்.

"ஹலோ? டேய், கீறியா இல்லியா?" என்றது ரேடியோ.

லூர்தம்மா தலையை உள்ளே விட்டார். "எம்மா, நான் அமலோட அம்மா பேசறேன்."

ரேடியோ அமைதியானது. கொரகொரப்பு, இரைச்சல், எதுவும் இல்லாத சுத்தமான அமைதி. (அந்த நேரத்திலும் மனசு ஓரமாகப் பெருமைப்பட்டது.)

"நைட் ஷிப்டு போவேன், கிரேன வுட்டு எறங்க மாட்டேன்னு சொன்னியே, அது வரைக்கும் கேட்டுச்சு. அவுங்க ஒத்துக்கலன்னா...ன்னு என்னமோ சொன்ன பாரு, அங்க ஒரு லாரி எரைச்சல் பூந்துட்ச்சு."

அக்கா தொண்டையைச் செருமினாள். அவள் என் அக்கா. எதையும் மாற்றவில்லை, மரியாதைக்கு ஒரு 'ங்க' மட்டும் சேர்த்துக்கொண்டாள்.

"அவுங்க ஒத்துக்கலன்னா, போட்டு வச்ச பஜ்ஜிய நாமளே துன்னுக்கலாம்னு சொன்னேங்க."

பின் சீட்டில் அமல் சிரிப்பை அடக்கியதில் அவருக்குப் புரையேறியது. லூர்தம்மா சிரிக்கவில்லை.

"நான் மட்டும் இன்னா, மத்தியானம் சோறு துன்னுட்டா ஏலம் வுடப் போறேன்? இருட்டுலதான் கெளம்புறேன்" என்றார்.

பிறகு முன் கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, டிரான்ஸ்மிட்டரை நோக்கிக் குனிந்தார். காசிமேட்டுக் குரல் வெளியே வந்தது.

"எம் புள்ளைய இந்தக் கிரேன்காரிக்கே வுட்டுட்டேன். ஒரு தரம்... ரெண்டு தரம்..."

"கேட்டுகினேன் அத்த!" என்றது ரேடியோ, இரண்டு வண்டியிலும்.

"மூணு தரம்!" என்று டாஷ்போர்டில் ஓங்கி ஓர் அறை விட்டார் லூர்தம்மா. ஒரு வாரம் பாடுபட்டு நான் தெளியவைத்த டிரான்ஸ்மிட்டர், ஓட்டையிலிருந்து கழன்று அவர் மடியிலேயே விழுந்தது.