ஒரு ஓமருக்கு ஒரு ட்ரம்

அளவு தெரிந்தவன் என்று பேர் எடுத்துவிட்டால் நம்மை யாரும் சரிபார்க்க மாட்டார்கள். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. ஈக்காட்டுத்தாங்கல் லேத் பட்டறையில் வேலை செய்கிறவன் நான். ஒரு தலைமுடி கனம் கூடினாலும் தொட்டுப் பார்த்துச் சொல்லிவிடுவேன். (இந்தத் திறமை பட்டறை வாசலோடு நின்றுவிடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.)

என் மகள் ஜெனி அப்போது ஐந்தாம் வகுப்பு. மயிலாப்பூரில் எங்கள் சர்ச்சின் சண்டே ஸ்கூல் ஆண்டுவிழாவில், வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து மன்னா என்ற உணவு விழுந்த கதையை அவள் சொல்ல வேண்டும். மைக் பிடிப்பது அதுதான் முதல் தடவை. கதைப்படி ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு ஓமர் மன்னா. ஓமர் என்பது நம் ஊர்ப் படி மாதிரி எபிரெயர்களின் முகத்தல் அளவு.

"அப்பா, ஒரு ஓமர் புடிக்கிற பாத்திரம் வேணும். மன்னாவுக்கு பதிலா பொரி போட்டுக்கலாம். எத்தினி லிட்டர்னு நீயே பாத்து எடுத்தாந்துடு."

"நீ பேசறத மட்டும் படி. அளவு என் பொறுப்பு."

போனில் தேடினேன். ஆங்கிலத்தில் ஓர் அட்டவணை வந்தது. ஒரு ஹோமர், இருநூற்று இருபது லிட்டர். முன்னால் ஒரு ஹெச் இருந்தது. நான் அசரவில்லை. மணிக்கு ஆங்கிலத்தில் 'அவர்' என்கிறோம். எழுதும்போது ஹெச் போடுகிறோம், சொல்லும்போது விழுங்கிவிடுகிறோம். பத்தாம் வகுப்பு வரை படித்ததில் எனக்கு உருப்படியாக ஒட்டியது இது ஒன்றுதான். அதை இங்கே இறக்கினேன். (கொஞ்சம் கீழே ஹெச் இல்லாத ஓமரும் தனியாக இருந்திருக்கிறது. விடை கிடைத்த பிறகு மேற்கொண்டு படிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.)

என் மனைவி ஸ்டெல்லாவுக்கு மட்டும் சந்தேகம்.

"இன்னாய்யா, ஒரு ஆளு ஒரு நாளிக்கு ஒரு ட்ரம்மா துன்னுவான்?"

"வனாந்தரத்துல நாப்பது வருசம் நடந்த ஜனம் அது. நீ பட்டினப்பாக்கம் போய்ட்டு வர்றதுக்கே ரெண்டு டீ குடிக்கிற."

நீல ட்ரம் இருநூறு லிட்டர் பிடித்தது. மீதி இருபதை வேறொருவன் விட்டிருப்பான். நான் தண்ணீர் கேனை எடுத்து, அதன் வாயில் புனல் வைத்து, பொரியை விரலால் தள்ளித் தள்ளி நிரப்பினேன். எனக்கு அவ்வளவு பெருமை. ஜெனி மேடையில் பார்த்து அசரட்டும் என்று அவளிடம் மூச்சு விடவில்லை.

ஸ்டெல்லாவின் தம்பி செல்வம் மூன்று சக்கர மீன்பாடி வண்டி கொண்டு வந்தான்.

"இன்னா மாமா இது?"

"மன்னா."

"அது சரி மன்னா, ட்ரம்முல இன்னா கீது?"

மாட வீதியில் பூ விற்கிற அம்மா எட்டிப் பார்த்து, "ஆயுத பூசைக்கு இன்னும் நாள் கீதே நைனா" என்றார். நான் சிரித்தபடி கை அசைத்துக்கொண்டே போனேன்.

சர்ச்சில் திரைக்குப் பின்னால் ட்ரம்மை ஏற்றிவிட்டு, கேனோடு மேடை ஓரம் நின்றேன். டெய்சி டீச்சர் ஓடி வந்தார்.

"அண்ணே, ஓமர்னா ரெண்டு லிட்டரு சொச்சம். ஒரு தூக்குவாளி. நீங்க கொண்டாந்தது ஹோமர்."

"ரெண்டும் ஒண்ணு இல்லியா?"

"நூறு மடங்குண்ணே."

முடி கனத்துக்குச் சண்டை போடுகிற நான், ட்ரம்மை இழுக்க ஓடினேன். அதற்குள் திரை விலகிவிட்டது. ஜெனியின் தோள் உயரத்துக்கு ட்ரம். அவள் மனப்பாடம் செய்திருந்த முதல் வரி, 'இதுதான் ஒரு ஆளுக்கு ஒரு நாள் சாப்பாடு.' அதைச் சொன்னாள். சபை முழுக்கச் சிரித்தது.

"அப்ப ஒரு குடும்பத்துக்கு லாரி வரணுமே" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

ஜெனி திரும்பி ட்ரம்மைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் பிள்ளை இனி ஜென்மத்துக்கும் மைக் தொட மாட்டாள், அதற்குக் காரணம் நான், என்று நினைத்தேன். அவள் உதடு அசைந்தது. விரல் விட்டு என்னவோ எண்ணினாள். பிறகு மைக்கை வாய்க்கு அருகில் இழுத்தாள்.

"டீச்சர் சொல்லிக் குடுத்த கணக்கு இது. பத்து ஓமர் ஒரு எப்பா. பத்து எப்பா ஒரு ஹோமர். இது ஹோமர். ஆளுக்கு ஒரு ஓமர்தான். எங்கப்பா நூறு பேருக்கும் சேத்து எடுத்தாந்துட்டாரு. யாரும் வாங்காம போவாதீங்க."

இப்போதும் சிரித்தார்கள். ஆனால் கூடவே கை தட்டினார்கள். போதகர்தான் முதலில் எழுந்து வந்து அங்கியை ஏந்தினார். பிறகு முந்தானை, துப்பட்டா, தொப்பி என்று ஆளாளுக்கு நீட்ட, டீச்சர் தூக்குவாளியால் அளந்து போட்டார். ட்ரம் காலி, கேனும் காலி. எங்கள் தெருவில் அன்று மாலை எந்த வீட்டிலும் வேறு பலகாரம் செய்யவில்லை.

அன்றிலிருந்து கொத்தமல்லி வாங்கக் கிளம்பினால்கூட ஸ்டெல்லா, "ஒரு ஆளுக்கா, நூறு பேருக்கா?" என்று கேட்டுத்தான் பையைக் கொடுப்பாள். ஜெனி இப்போது கல்லூரி விடுதியில் இருக்கிறாள், பேச்சுப் போட்டி ஒன்றையும் விடுவதில்லை. போன வாரம் முறுக்கு மூட்டையோடு விடுதி வாசலில் நின்றேன். படியிறங்கி வந்தவள் மூட்டையைப் பார்த்தாள். மாடியைப் பார்த்து, "எல்லாரும் தட்டு எடுத்துக்கினு வாங்க, எங்கப்பா வந்துக்கிறாரு" என்று குரல் கொடுத்தாள்.