ராஜகிரி உச்சியில் எனக்குப் பொன்னாடை

செஞ்சி,
திங்கட்கிழமை.

மேல்மலையனூர் மச்சான் ஆதிமூலத்துக்கு உன் மாமா அன்புச்செல்வன் எழுதுவது. அங்காளம்மன் புண்ணியத்தில் நீயும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள். இங்கே உன் அக்கா வெண்மதி நலம். என்னைப் பற்றி அப்படிச் சொல்வதற்கில்லை. போனில் பேசினால் அவள் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

நான் எம்.ஏ., எம்.ஃபில். படித்த வரலாற்றுத் துறை, சாதித்த பழைய மாணவர்கள் மூன்று பேருக்கு விருது தரப்போகிறது. ஒருவர் கலெக்டர், ஒருவர் துணைவேந்தர், மூன்றாவது நான். முப்பது வருஷம் பள்ளியில் பாடம் நடத்தி, செஞ்சிக்கோட்டையைப் பற்றி இரண்டு புத்தகம் எழுதி, 'கோட்டை சார்' என்று பெயர் வாங்கியதற்காம். பூரித்துப்போய் அழைப்பிதழின் பின்பக்கத்தைத் திருப்பினேன். விழா அரங்கத்தில் இல்லை, செஞ்சிக்கோட்டையின் ராஜகிரி மலை உச்சியில். ஞாயிறு காலை கோட்டை சார் முன்னால் நடந்து, விளக்கம் சொல்லிக்கொண்டே எல்லோரையும் மேலே கூட்டிப்போவாராம்.

நான் அந்த மலையில் ஏறியதே இல்லை என்பது உனக்கு மட்டும்தான் தெரியும். மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனாலே எனக்குக் கால் கூசும். ஆய்வேட்டுக்காக நீதான் ஏறினாய், நான் அடிவாரத்துக் கல்யாண மகால் நிழலில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன், நீ இறங்கி வந்து உச்சிக்குக் கீழே பாறைப் பிளவின் மேல் ஒரு பாலம், அதைத் தாண்டினால் நூற்றுப் பன்னிரண்டு படி என்று சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன், 'நானே நேரில் எண்ணியது' என்று அடிக்குறிப்பும் போட்டேன், பின்னால் வந்த பிள்ளைகளெல்லாம் அதைப் பார்த்து எழுதிப் பட்டம் வாங்கிவிட்டார்கள். துறைத் தலைவர் தாண்டவராயனிடம் மூட்டுவலி என்று சொல்லிப் பார்த்தேன். "அதுக்கு இன்னா சார், டோலி சொல்லிட்டோம், நீங்க உக்காந்துக்கினு வந்தா போதும்" என்றார். பாலத்துக்கு மேலே டோலியில் ஆடிக்கொண்டு போவதை நினைத்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. என்னிடம் படித்த பிள்ளைகள் முன்னால் நான் அழுதுவிட்டால் முப்பது வருஷப் பெயர் போச்சு மச்சான். பயமாக இருக்கிறது.

நீ சனிக்கிழமையே வந்துவிடு. பாலத்தில் நான் கண்ணை மூடியதும் கையைப் பிடித்துக்கொள். யாரிடமும் மூச்சு விடாதே, முக்கியமாக உன் அக்காவிடம்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அம்மனுக்கு என் பெயரில் ஒரு எலுமிச்சம்பழம் வை.

இப்படிக்கு,
அன்புச்செல்வன்

பி.கு. (வியாழக்கிழமை): சட்டையைத் துவைக்க எடுத்த உன் அக்கா, பையிலிருந்த இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டாள். இன்று விடிந்ததும் என்னை மலைக்கு இழுத்துப்போனாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, அழுதபடியே பாலத்தைத் தாண்டிவிட்டேன். அந்தப்பக்கம் போனதும் அவள் படிகளை எண்ணினாள். இரண்டு தரம் எண்ணினாள். நூற்றுப் பன்னிரண்டில் பாதிகூடத் தேறவில்லை. "என் தம்பியும் பாலத்தைத் தாண்டல. சின்னதுல கெணத்தை எட்டிப் பாக்கவே அழுவான்" என்றாள்.

தாண்டவராயனிடம், மலையேறி எண்ணியது என் மச்சான்தான் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். எண்ணியவரே வந்து வழிகாட்டட்டும் என்று அவருக்கு ரொம்ப சந்தோஷம். ஞாயிறு காலை எல்லோருக்கும் முன்னால் நீதான் போகிறாய். டோலியும் உனக்குத்தான்.