கேட்டுக்கு வெளியே ஒரு மவுனப் போராட்டம்

சிவப்புக் காயைக் குழியில் போட்ட கையோடு பவுல்துரை ஆயர் கேரம் போர்டை விட்டு எழுந்துவிட்டார்.

"ஃபாலோ போடுங்க ஆயரே. இல்லன்னா ரெட் செல்லாது" என்றார் வின்சென்ட்.

"மணி அடிக்கப் போறான். ஜெபத்துக்கு நான் லேட்டானா நீயேதான் கமிட்டியில கேள்வி கேப்ப. வந்து போடறேன். காய மட்டும் கலைச்சு வெச்ச, அப்புறம் இருக்குது உனக்கு."

பேசிக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு போனார். கோயிலில் அங்கியை மாட்டக் கையைத் தூக்கியவர் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார் என்று ஆள் ஓடிவந்து சொன்னபோது, வின்சென்ட் இன்னும் போர்டின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். சும்மா இருக்கும் நேரத்தில் ஒரு காயை நகர்த்தி வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

ஆரணி சபைக்கு ஆயராக வந்தவர் பவுல்துரை. மாற்றல் உத்தரவு வரும்போதெல்லாம் சபையே திரண்டு பேராயத்துக்குப் போய்க் கெஞ்சி, அவரைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வரும். மனைவி போன பிறகு அவருக்கு வீடு என்று இருந்தது வின்சென்ட்டின் வீடுதான். ஒரே மகன் துபாயிலிருந்து வந்தான், மண் போட்டான், லீவு முடிந்து திரும்பிப் போனான். அடக்கத்தன்று வந்தவர்கள் எல்லாரும் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். சபைச் செயலர் என்ற முறையில் வின்சென்ட் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். பந்தல்காரனுடன் சண்டை போட்டார். வண்டிகளை ஒதுக்கி நிறுத்தினார். அழுவதற்கு அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. அதன் பிறகு கிடைத்த நேரத்தில் அழுகை வரவில்லை.

அடுத்த மாதமே புது ஆயரைப் போட்டுவிட்டார்கள். தெள்ளார்ப் பக்கத்துக்காரர். பெயர் அருள்மணி, சின்ன வயது.

பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது. ஜெயக்குமார் கமிட்டியில் எழுந்தார். கடைவீதியில் பட்டுச்சேலைக் கடை வைத்திருப்பவர். தன் மச்சானை இந்த இடத்துக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று கனவு கண்டவர்.

"தெள்ளார்லேர்ந்து ஆள் கொண்டாந்தீங்கன்னா, கோயில் கேட்டுல ஜனம் உக்காரும். இப்பவே சொல்லிட்டேன்" என்று மேஜையைத் தட்டினார்.

எந்த ஜனம் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஜெயக்குமாரின் பின்னால் அவர் மனைவியே வருவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் செய்தி பேராயத்துக்குப் போய்விட்டது. அங்கிருந்து வின்சென்ட்டுக்குப் போன் வந்தது. பணியேற்பு அன்று தகராறு ஏதாவது நடந்தால் நியமனத்தை நிறுத்திவிடுவார்களாம். ஆரணிக்குத் தனி ஆயர் கிடையாது, செய்யாறு சபையோடு சேர்த்துவிடுவார்களாம்.

வின்சென்ட்டுக்கு அன்று சோறு இறங்கவில்லை. பவுல்துரை இத்தனை வருஷம் கட்டிக் காத்த சபை அவர் மண்ணின் ஈரம் காய்வதற்குள் இன்னொரு ஊருக்குக் கிளையாகிவிடுவதா? நண்பனுக்காக இனி செய்யக்கூடியது இது ஒன்றுதான் என்று அவருக்குத் தோன்றியது.

கமிட்டியைக் கூட்டினார். யார் எதிர்த்து உட்கார்ந்தாலும் ஒரு சுடுசொல் கூடாது என்றார். முன்பு ஒரு முறை பவுல்துரையைத் திட்டித் தீர்க்க ஒருவன் கோயிலுக்கே வந்தான். ஆயர் தன் நாற்காலியை அவனுக்குக் கொடுத்துவிட்டு, நின்றுகொண்டே திட்டு வாங்கினார். கடைசியில் அவன் காப்பி குடித்துவிட்டுப் போனான். அதேபோல் செய்வோம் என்றார் வின்சென்ட். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆமென் சொன்னார்கள்.

"நீங்க பண்றத பாத்தா நாளைக்கு நானே போயி கேட்டுல உக்காருவேன் போலருக்குது" என்றாள் அவர் மனைவி பாக்கியமேரி. "வீட்டுல ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடுத்ததில்ல."

ஞாயிறு காலை, ஆராதனைக்கு இன்னும் நேரம் இருக்கும்போதே ஒரு வேன் வந்து நின்றது. முன் கண்ணாடியில் முள்ளிப்பட்டு என்று எழுதியிருந்தது. ஆணும் பெண்ணுமாக ஒரு வேன் ஜனம் இறங்கியது. ஆண்களின் சட்டையில் கறுப்பு பேட்ஜ். ஒருவரும் உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியே, மதில் நிழலில், தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். பேச்சு மூச்சு இல்லை.

முள்ளிப்பட்டு ஜெயக்குமாரின் மாமியார் ஊர். சந்தேகப்பட இனி என்ன இருக்கிறது?

வின்சென்ட் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, முகம் நிறையச் சிரிப்போடு கேட்டுக்குப் போனார். "வாங்க, வாங்க. ரொம்ப சந்தோஷம்" என்று கும்பிட்டார்.

ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு பெண்மணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, இந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்பதுபோல் பக்கத்திலிருந்தவளைப் பார்த்தாள்.

கோபம் பலமாக இருக்கிறது என்று முடிவு செய்த வின்சென்ட், ஹாலில் இருந்த நாற்காலிகளை எல்லாம் கொண்டுவரச் சொன்னார். வரிசையாகப் போட்டார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் நாற்காலிகளுக்கு இடம் விட்டு இன்னும் கொஞ்சம் தள்ளி, மறுபடியும் தரையில் உட்கார்ந்தார்கள்.

"நம்ம சேர்கூட வேணாங்கறாங்க" என்றார் பொருளாளர் கலக்கத்துடன்.

அடுத்து ரோஸ்மில்க். புது ஆயருக்காக ஐஸ் போட்டு வைத்திருந்தது. வின்சென்ட்டே தட்டை ஏந்திக்கொண்டு ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்தார். ஒருவரும் தொடவில்லை. தண்ணீராவது குடியுங்கள் என்றார். ஒரு பெரியவர் தலையை மட்டும் ஆட்டினார்.

உண்ணாவிரதம் என்ற சொல் கோயிலுக்குள் பரவியது. பாடகர் குழு சுதி தவறியது.

இந்தச் சமயத்தில்தான் ஜெயக்குமார் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் பிரேக்கைப் பிடித்தார். பிறகு அவர் முதுகு மெல்ல மெல்ல நிமிர்ந்ததைச் சபையே பார்த்தது. வாழ்நாளில் முதல் முறையாக அவர் சொன்ன ஒன்று நடந்திருக்கிறது. ஸ்கூட்டர் பெட்டியிலிருந்த பழைய கறுப்புக் குடையில் ஒரு துண்டு கிழித்துச் சட்டையில் குத்திக்கொண்டு, கூட்டத்துக்கு முன்னால் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"எங்கள் உரிமையை விட்டுத் தர மாட்டோம்" என்று கையை உயர்த்திக் குரல் கொடுத்தார்.

பின்னால் சத்தமே இல்லை. ஒருவர் மட்டும் அவர் தோளைத் தொட்டு, "சும்மா இருங்க ஐயா. இங்க வந்து கத்தலாமா?" என்றார் மெதுவாக.

ஜெயக்குமார் வின்சென்ட்டைப் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மவுனப் போராட்டம். என் பிளான்தான்."

வின்சென்ட் அவரை வேப்ப மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார். சபை செய்யாறோடு சேர்ந்துவிடும் என்பதையும், பவுல்துரை ஆயரின் பெயர் என்ன ஆகும் என்பதையும் சொன்னார். ஜெயக்குமார் வானத்தைப் பார்த்தார். புது ஆயருக்கு முதல் பொன்னாடையைத் தானே போர்த்துவதாக இருந்தால், அதுவும் தன் கடைப் பொன்னாடையாக இருந்தால், யோசிக்கலாம் என்றார். வின்சென்ட் அந்த நிமிஷமே சரி என்றார்.

வெற்றி வீரராக ஜெயக்குமார் கூட்டத்திடம் திரும்பினார். கோரிக்கையை ஒத்துக்கொண்டார்கள், போராட்டம் வாபஸ், எல்லாரும் எழுந்திருக்கலாம் என்று அறிவித்தார்.

ஒருவரும் எழவில்லை. அவர் இரண்டாம் முறை சொன்னார். மூன்றாம் முறை கெஞ்சினார். பெரியவர் ஒருவர் அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பரிதாபம்தான் இருந்தது.

ஜெயக்குமார் வெளிறிப்போய் வந்தார். "வின்சென்ட் அண்ணே, எனக்கே அடங்க மாட்டேங்கறாங்க. இது என் கையை மீறிப் போய்டுச்சு."

"உங்க ஆளுங்கதான?"

"எங்க மாமியார் வீட்டாளு ஒருத்தரையும் காணோம். பயமா கீது."

இருவரும் என்ன செய்வது என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெருமுனையில் பேண்டு சத்தம் கேட்டது. புது ஆயரை வரவேற்க வின்சென்ட் ஏற்பாடு செய்ததுதான். அதை நிறுத்த அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். தொப்பையும் மூச்சும் அவருக்கு ஒத்துழைக்கவில்லை. பேண்டுக்காரர்கள் அவர் கையாட்டுவதைப் பார்த்து, இன்னும் பலமாக அடிக்கச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். முழு வேகத்தில் அடித்துக்கொண்டு கேட்டை வந்தடைந்தார்கள்.

மேளம் காதில் விழுந்ததும், அதுவரை வாயைப் பொத்திக்கொண்டிருந்த பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து பெருங்குரலெடுத்து அழ ஆரம்பித்தார்கள்.

பேண்டு பாதியில் நின்றது. காரிலிருந்து மாலையும் கழுத்துமாக இறங்கிய அருள்மணி ஆயர் ஒரு காலைத் தரையிலும் ஒரு காலைக் காரிலும் வைத்தபடி நின்றுவிட்டார். ஒருவர் வந்து சேர்ந்ததற்காக ஒரு ஊரே இப்படி அழுது அவர் பார்த்ததில்லை. கூடவே வந்த பேராயத்துப் பெரியவர் காரை விட்டு இறங்கவே இல்லை. போனை எடுத்து எண்ணைத் தேட ஆரம்பித்தார்.

முடிந்தது என்று நினைத்தார் வின்சென்ட். மதிலில் போய்ச் சாய்ந்துகொண்டார்.

புது ஆயர்தான் அசைந்தார். மாலையைக் கழற்றிக் கார் மேல் வைத்தார். நேரே கூட்டத்திடம் போய், வெள்ளைப் பேண்ட்டைப் பற்றிக் கவலைப்படாமல் அவர்களுக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தார்.

"அம்மா, பெரியவங்களே, உங்க மனசு நோவ நான் இங்க இருக்க விரும்பல" என்றார். "என்ன வேணாம்னா ஒரு வார்த்த சொல்லுங்க. யார் மேலயும் வருத்தம் இல்ல. இப்பவே தெள்ளாருக்கு பஸ் ஏறிடறேன்."

அழுகை கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. முதலில் முந்தானையால் வாயைப் பொத்திய அந்தப் பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு வின்சென்ட்டைப் பார்த்தாள்.

"இந்தத் தம்பி யாருங்க?"

"புது ஆயரும்மா. நீங்க வேணாங்கறவரு."

"நாங்க எதுக்குங்க வேணாங்கப் போறோம்?" என்றாள் அவள். "எம் பேரு கலைமகள். நாங்க முள்ளிப்பட்டு நெசவுத் தெரு. உங்க கோயிலுக்கும் எங்களுக்கும் என்ன? பெரிய ஐயா வாராவாரம் எங்க தெருவுக்கு வருவாரு. தறிக்குப் பக்கத்துல முக்காலி போட்டு உக்காந்துகினு நாயம் பேசுவாரு. எம் புள்ளைக்கு ஜன்னி வந்தப்ப வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு ஓடனவரு அவரு. அவரு போன அன்னிக்கு எங்க ஊர்ல அம்மனுக்குக் காப்பு கட்டிட்டாங்க. காப்பு கட்டனா துக்கத்துக்குப் போவக் கூடாது. இந்த வாரந்தான் அவுத்தாங்க. அதான் இப்ப துக்கம் கேக்க வந்தோம்."

ஜெயக்குமார் சட்டையிலிருந்த குடைத்துணியை மெதுவாகக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். காருக்குள் பெரியவர் போனைக் கீழே வைத்தார்.

"டீக்கடையில கேட்டோம், பையன் துபாய் போய்ட்டார்னாங்க. சரி, வேற யாராச்சும் துக்கப்பட்டவங்க வெளிய வருவாங்கன்னு அப்ப புடிச்சி உக்காந்துகினு இருக்கோம். வர்றவங்க எல்லாம் சிரிக்கறாங்க, வாங்க வாங்கன்றாங்க, ரோஸ்மில்க்கு குடுக்கறாங்க. எழவு கேக்க வந்தவங்கள யாராச்சும் வாங்கன்னு கூப்புடுவாங்களா?" அவள் கோயில் வாசலைப் பார்த்தாள். "அவருக்குன்னு இங்க யாருங்க இருக்காங்க? யாரு கையத் தொட்டுட்டு நாங்க போறது?"

வின்சென்ட்டும் கூட்டத்தோடு சேர்ந்து அப்படிப்பட்ட ஆள் எங்கே இருக்கிறார் என்று சுற்றிலும் பார்த்தார்.

பாக்கியமேரி முன்னால் வந்தாள். புருஷனின் முழங்கையைப் பிடித்து மதிலிலிருந்து நகர்த்தி அவர்கள் முன்னால் நிறுத்தினாள்.

"இவருதாங்க" என்றாள்.

வேன் ஜனம் எழுந்தது. அவர்களில் மூத்த பெரியவர் முதலில் இரண்டு கைகளையும் நீட்டினார். வின்சென்ட் தொட்டார். அடுத்தவர் நீட்டினார். அவர் கையைத் தொடும்போது வின்சென்ட்டுக்கு எதிரே இருப்பது தெரியவில்லை, கண்ணீர் மறைத்துவிட்டது. கடைசியாக நீண்ட கைகள் புது ஆயருடையவை. அவற்றையும் தொட்டார்.

எல்லாரும் வேனில் ஏறினார்கள். போய்விட்டு வருகிறோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. துக்க வீட்டில் அப்படிச் சொல்வது இல்லை.