தூண்டிலுக்குத் துணை

மீன் பிடிக்கிறவர்களைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் மீன் பிடிக்கிறவரோடு 'சும்மா கூட வருகிறவர்' என்று ஓர் இனம் இருக்கிறதே, அதைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அவரிடம் தூண்டில் இருக்காது. புழு தோண்ட மாட்டார். மீனைத் தொட்டால் கை நாறும் என்பார். ஆனால் நீங்கள் தூண்டில் கழியைச் சைக்கிளில் கட்டும் நேரத்துக்குச் சரியாகச் சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனையில் நிற்பார். யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. அந்த இனத்துக்கு மூக்கு அப்படி.

திருத்தணியில் துளசிங்கத்துக்கு வாய்த்தவர் கஜபதி. இருவருக்கும் ஒரே பவர்லூம் கொட்டகையில் பக்கத்துப் பக்கத்துத் தறி. நாளெல்லாம் தறிச் சத்தத்தில் காது மரத்துப்போகும் துளசிங்கத்துக்கு, கரெண்டு இல்லாத நாளில் ஏரிக்கரையில் குந்தி, ஒரு பேச்சும் காதில் விழாமல் தக்கையையே பார்த்துக்கொண்டிருக்க ஆசை. நாளெல்லாம் தறிச் சத்தத்தில் பேச முடியாமல் போன பேச்சையெல்லாம் பேசித் தீர்க்க கஜபதிக்கும் அந்த நாள்தான் கிடைக்கும்.

முள் தண்ணீரில் விழுவதற்கு முன்பே "இன்னாபா, எதுனா மாட்டுச்சா?" என்பார். டிரான்சிஸ்டரைத் திருகி சிலோன் ரேடியோவைத் தேடுவார். அது கொரகொரவென்று இருமும். ஆழம் எவ்வளவு என்று பார்க்கத் தக்கைக்குப் பக்கத்திலேயே கல்லை எறிவார். துளசிங்கத்தின் மனைவி ரஞ்சிதம் கட்டிக்கொடுத்த சோற்றை, "வெயில்ல ஊசிப்பூடும்பா" என்று அக்கறையோடு தானே தின்று முடிப்பார். தக்கை லேசாக அசைந்தால் போதும், "இழு! இழுபா!" என்று அவர் போடும் கூச்சலில் மீன் என்ன, எதிர்க்கரையில் மேயும் எருமையே ஓடிவிடும். தப்பித் தவறி ஒன்று மாட்டினால், "நாம புடிச்சோம்." மாட்டாவிட்டால், "நீ வுட்டுட்ட."

வராதே என்று சொல்லிவிடலாமே என்கிறீர்களா? துளசிங்கத்துக்கு வாய் வராது. உங்களுக்கு வருமா?

இப்படியே போயிருக்கும். ஆனால் ஆந்திராப் பக்கம் புத்தூரிலிருந்து மறுநாள் பாவா வருவதாகச் சேதி வந்தது. பாவா என்றால் ரஞ்சிதத்தின் அண்ணன். போன வருஷம் ஒரு கல்யாணப் பந்தியில் தன்னைத் துளசிங்கம் முன்னால் வந்து கூப்பிடவில்லை என்று கோபித்துக்கொண்டு போனவர். அதோடு பேச்சு நின்றது. ரஞ்சிதம் அழுது ஓய்ந்துவிட்டாள். இப்போது அவராகவே வருகிறார்.

"அண்ணனுக்கு வெரால் கொழம்புன்னா உசுரு," என்றாள் ரஞ்சிதம். "நாளைக்குக் கரெண்டு கெடையாது இல்ல, ஏரிக்குப் போயாந்துடு. கஜபதி அண்ணன மட்டும் இட்டுகினு போவாத. வெறுங்கையோடதான் வருவ."

"வராதன்னு எப்பிடி சொல்றது?"

"ஏன் சொல்ற? வேற ஊரு பேரச் சொல்லு."

அன்று சாயந்திரமே துளசிங்கம் மென்று விழுங்கி, "நாளைக்கு மணவூர் பக்கம் ஒரு குட்டைக்குப் போறேன்பா. அரக்கோணத்துல வண்டி மாறணும். உனக்கு எதுக்கு செரமம்?" என்றான்.

கஜபதியின் முகம் வாடியது. "ஆங், வண்டி மாறணும்னா கஷ்டந்தான். நீ போயாந்துடு" என்றார்.

மறுநாள் துளசிங்கம் பள்ளிப்பட்டு ரோட்டில் சைக்கிளை மிதித்து, வழக்கமான ஏரிக்கே போனான். ஆகா! கேள்வி இல்லை, கல் இல்லை, ரேடியோ இல்லை. அவன் சோற்றை அவனே தின்றான். காற்று தண்ணீரைச் சுருக்கிச் சுருக்கி விரித்தது. ஒரு மீன்கொத்தி எதிரில் வந்து உட்கார்ந்தது. அதுவும் பேசவில்லை. பொழுது சாய்ந்தபோதுதான் துளசிங்கத்துக்கு பாவாவின் ஞாபகம் வந்தது. பக்கத்தில் சத்தமே இல்லை, சரி. பையில் மீனும் இல்லை.

ரஞ்சிதத்துக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வீடு வந்தான். வாசலிலேயே விரால் குழம்பு மணத்தது. உள்ளே பாவாவும் கஜபதியும் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்கபா பூட்ட?" என்று கஜபதி எழுந்தே விட்டார். "நீ தனியா அல்லாடிகினு இருப்பியேன்னு மனசு கேக்கல. அடுத்த வண்டியப் புடிச்சி மணவூர் வந்துட்டேன். குட்டை குட்டையா தேடினேன். ஒரு குட்டையில யாரோ ஒருத்தரு தூண்டி போட்டுகினு ஒண்டியா குந்தினு இருந்தாரு. பாவம், பேச்சுத் தொண கூட இல்ல. நீ வர்ற வரைக்கும்னு அவருகிட்ட பேசிகினு இருந்தேன். தங்கமான மனுசன்பா! புடிச்ச வெரால் மொத்தத்தையும் என் கையில குடுத்து, 'இத எடுத்துகினு மொதல்ல கெளம்பு நைனா, உனக்குப் புண்ணியமா போவும்'னு கையெடுத்துக் கும்புட்டாரு. இந்தக் காலத்துல யாரு செய்வாங்க?"

அடுப்படியில் ரஞ்சிதம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வந்ததிலிருந்து கஜபதி பேச்சை நிறுத்தாததால், பந்திக் கதையை எடுக்க பாவாவுக்கு இடமே கிடைக்கவில்லை. இப்போது அது அவருக்கு மறந்தே போயிருந்தது. "மாப்ள, வா, குந்து" என்று பக்கத்தில் தட்டிக் காட்டினார்.

துளசிங்கம் உட்கார்ந்தான். கஜபதியின் வேட்டியில் முழங்கால் வரை சேறு. அத்தனை குட்டையிலும் இறங்கித் தேடியிருக்கிறார். "அடுத்த தபா ஒண்ணாவே போவலாம்பா" என்று அவன் வாயாலேயே சொல்லிவிட்டான்.

"நானும் வர்றேன்!" என்றார் பாவா.

இதைப் படிக்கும் நீங்கள் துளசிங்கம் கட்சி என்று எனக்குத் தெரியும். எல்லாருமே அந்தக் கட்சிதான். கஜபதியையே கேட்டுப் பாருங்கள்: "எனக்கும் ஒண்டியா இருக்கறதுதாங்க புடிக்கும். இன்னா பண்றது, நான் இல்லாம துளசிங்கம் எங்கயும் போவ மாட்டானே!" என்பார். அது கிடக்கட்டும். எங்கே கிளம்புகிறாய் என்று போன வாரம் உங்கள் சிநேகிதரைக் கேட்டீர்களே, ஊர்ப்பெயரைச் சொல்லுமுன் அவர் கொஞ்சம் மென்று விழுங்கினாரா?