மாப்பிள்ளை பிடித்த சாணை

"இனிமே இந்த வீட்டுல எந்தக் கத்திக்கும் நானே சாணை பிடிப்பேன்!"

ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டாவது டம்ளர் டீ வருவதற்குள் இப்படி ஒரு சபதம் என் வீட்டில் கேட்டது. யாரடா அந்த வீரன் என்று திரும்பிப் பார்த்தேன். நான்தான். எதிரே என் மனைவி. அவள் பக்கத்தில் அவளுடைய அண்ணன். சாட்சி இரண்டு. இனி வாபஸ் வாங்க முடியாது.

மைத்துனருக்கு மரக்கிளை வெட்டிக்கொடுக்கும் தொழில். கைக்குக் கீழே ஆறு ஆட்கள். அன்று அவர் ஒரு பெரிய வெட்டுக்கத்தியோடு வந்திருந்தார். கைப்பிடியை ஒட்டி அதன் வாய் உள்ளே ஒடுங்கியிருக்கும். அப்புறம் வெளியே வளைந்து, நடுவில் தொப்பை தள்ளி, நுனியில் மறுபடியும் சிறுத்துவிடும். உருவத்தில் அப்படியே நான். கூர்மையிலும் அன்றைக்கு அது என்னைப்போலத்தான் இருந்தது.

"மழுங்கிப்போச்சு. யார்கிட்டயாவது கொடுக்கணும்" என்றார்.

நான் கையை நீட்டினேன்.

"உங்களுக்கு எதுக்கு மாப்பிள்ளை? நீங்க பென்சில் சீவினாலே ரெண்டு பிளாஸ்திரி செலவாகுது."

என் மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பிறந்ததுதான் மேற்படி சபதம்.

"கொடு அண்ணா" என்றாள். "அவர் விரலை மட்டும் எண்ணிட்டுக் கொடு."

கொல்லைப்புறத்தில் உட்கார்ந்தேன். செங்கல் அளவில் தட்டையாக ஒரு சாணைக்கல், ஒரு சொம்புத் தண்ணீர், நான். தேய்த்தேன். சமையலறை ஜன்னலிலிருந்து அரைமணிக்கொரு விசாரணை.

"என்னங்க, சத்தம் நின்னுடுச்சு. விரலா?"

"இல்ல. தண்ணி தெளிக்கிறேன்."

"கத்தி மேலயா, காயத்து மேலயா?"

இரண்டு மணிநேரத்தில் தொப்பைப் பகுதி கண்ணாடியாக மின்னியது. உள்பக்கமாக ஒடுங்கிய வளைவு மட்டும் வந்தபடியே இருந்தது. ஆற்றுக்குப் பாலம் போட்டதுபோல் கல் இரண்டு கரையையும் தொட்டதே தவிர, பள்ளத்தில் இறங்கவேயில்லை. பழைய செய்தித்தாளை வைத்துச் சோதித்தேன். தொப்பை வெட்டியது. வளைவு மென்று துப்பியது. சரி, அழுத்தினால் இறங்கும் என்று அழுத்தினேன். தொப்பை கரைய ஆரம்பித்தது. இருபது வருஷமாக எனக்கு நடக்காதது கத்திக்கு ஐந்தே நிமிஷத்தில் நடந்துவிட்டது. கல்லைக் கீழே வைத்தேன்.

"முடிஞ்சுதா?" என்று ஜன்னல் கேட்டது.

"முக்கால்வாசி. மீதியை ஆபீஸ் மாடியில வெச்சு முடிச்சுடுவேன். அங்கதான் வெளிச்சம் நல்லா இருக்கு."

"ஓ, அங்க வேற சூரியனா?"

திங்கட்கிழமை கத்தியைத் துணியில் சுற்றி, அதன்மேல் ஒரு காலண்டரைச் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு குலுக்கலுக்கும் என் தொடையை நினைத்துக்கொண்டேன். பக்கத்து சீட்காரர் காலண்டரில் தேதி பார்க்க வேண்டும் என்றார். போன வருஷத்தது என்றேன். போன வருஷத்துத் தேதிதான் வேண்டும் என்றார். இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தேன்.

மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் சாணைக்காரர் கடை. வாசலில் பெரிய மோட்டார் சக்கரம் பொறி பறக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. கத்தியை விளக்கில் காட்டிப் பார்த்தார்.

"இதை யாரு சார் இப்படிக் கொன்னது?"

"தெரிஞ்சவர் ஒருத்தர்."

"அவர் கையில இனிமே எதையும் கொடுக்காதீங்க. புதன்கிழமை வாங்க."

புதன்கிழமை கத்தி புது மாப்பிள்ளைபோல் வந்தது. உள்வளைவில் ஒரு முடியை வைத்தேன். இரண்டு முடியானது. வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காதவன்போல் சட்டையைக் கழற்றினேன்.

மனைவி எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீங்களா?"

"நானேதான்."

"ஆபீஸ் மாடியிலயா?"

"சாப்பாட்டு நேரத்துல."

"பிரமாதம்" என்றாள்.

எனக்கு வியர்த்தது. என் மனைவி கான்வென்ட்டில் படித்தவள். மார்க் போடுவதில் கறார். கல்யாணமான நாளிலிருந்து நான் வாங்கிய அதிகபட்சம் 'பரவாயில்லை'தான். பிரமாதம் என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து இதமாக வரக்கூடாது. வந்தால் பின்னால் ஏதோ வருகிறது.

வந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் மைத்துனர் ஒரு சாக்கை முதுகிலிருந்து இறக்கினார். தரை அதிர்ந்தது.

"மாப்பிள்ளை, உங்க கை கை இல்ல, இயந்திரம்! இதுல ஆறு கத்தி இருக்கு. எல்லாம் அதே வளைவு. சனிக்கிழமை விடியறதுக்குள்ள வேணும்."

"ஆறா? மச்சான், எனக்கு ஆபீஸ்ல..."

"பள்ளிக்கூட மைதானத்துல ஒரு பெரிய கிளை கூரை மேல சாஞ்சு நிக்குது. அவ்வளவு உசரத்துல கத்தி மழுங்கலா இருந்தா வழுக்கிட்டு ஆளு கால்ல இறங்கும். உங்க கையை நம்பித்தான் ஆளை ஏத்தறேன்."

நான் மனைவியைப் பார்த்தேன். காப்பாற்றுவாள் என்று ஒரு நப்பாசை.

"எடுத்துட்டுப் போ அண்ணான்னு சொல்லவா?" என்று கேட்டாள். "இல்ல, உங்களால முடியுமா?"

"முடியும்" என்றது என் வாய். அந்த வாயைத்தான் முதலில் கல்லில் தேய்த்து மழுங்க வைக்க வேண்டும்.

அன்று தூக்கம் போனது. கண்ணை மூடினால் மரம். மரத்தின்மேல் ஆறு பேர். ஆறு பேருக்கும் பன்னிரண்டு கால்.

வெள்ளிக்கிழமை ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கண்டக்டர் ஏற்ற மறுத்தார். சாக்குக்குள் இருப்பது சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிட்டது. மார்க்கெட் வரை நடை. தோள்பட்டை ஒரு பக்கமாக இறங்கிவிட்டது.

சாணைக்காரர் சாக்குக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவினார்.

"நம்மால ஆகாது சார்."

"புதன்கிழமை செஞ்சீங்களே!"

"அந்த உள்வளைவு என் சக்கரத்துல ஏறாது சார். சக்கரம் பெரிசு, வளைவு சின்னது. வெச்சா கத்தி உருவமே போயிடும். அதையெல்லாம் ஒரு அம்மாகிட்டக் கொடுத்துடுவேன். உருட்டுக்கட்டையில உப்புத்தாளைச் சுத்தி, வளைவுக்குள்ள கையாலயே இழுத்து இழுத்துக் கொண்டுவருவாங்க. அவங்க அப்பா காலத்துலேர்ந்தே மரவெட்டுத் தொழிலாம். காலையில வந்து, மூணு மணிக்கெல்லாம் கிளம்பிடுவாங்க."

"அப்ப அவங்களைக் கூப்பிடுங்க! ஆளு உயிர் சமாச்சாரம்!"

"அவங்க இன்னைக்கு லீவு சார். நேத்தே சொல்லிட்டாங்களே. இனிமே யாராவது வளைஞ்ச கத்தி கொண்டுவந்தா வாங்காதீங்க, என் வீட்டுக்காரரே பெரிய சாணைக்காரர் ஆயிட்டார், ஆபீஸ் மாடியில கடை போட்டிருக்கார், அங்க அனுப்புங்கன்னு."

நான் சாக்கின்மேல் உட்கார்ந்தேன். பிறகு அது எதுவென்று நினைவு வந்து, வேகமாக எழுந்தேன்.

"நல்ல அம்மா சார்" என்றார் சாணைக்காரர். "என்ன, பேச்சுதான் கத்தியைவிடக் கூரு. அந்த வீட்டுக்காரர் பாவம்."

"ரொம்பப் பாவம்" என்றேன்.

மறுபடியும் நடை. வழியெல்லாம் விதவிதமாகப் பொய்களைக் கோத்துப் பார்த்தேன். கத்தி தொலைந்துவிட்டது. கை சுளுக்கிவிட்டது. எந்தப் பொய்யைச் சொன்னாலும் கடைசியில் ஒருத்தன் மரத்தின்மேல் மழுங்கல் கத்தியோடு நின்றான். வீட்டுக்கு வந்து, சாக்கை அவள் காலடியில் போட்டேன்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

"எது தெரியாது? வாக்கியத்தை முடிங்க."

"எனக்குச் சாணை பிடிக்கத் தெரியாது. புதன்கிழமை கொண்டுவந்தது நான் பிடிச்சது இல்ல. நீ பிடிச்சது. போதுமா? சிரிக்கிறதா இருந்தா அப்புறம் சிரி. இப்ப இந்த ஆறையும் பிடிச்சுக் கொடு. பாவம், ஆளுங்க நாளைக்கு மரம் ஏறணும்."

அவள் சிரிக்கவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். என் இறங்கிப்போன தோளைப் பார்த்தாள்.

"குடிங்க. நாளைக்கு வேலைக்கு வேண்டிய கத்தி எல்லாத்துக்கும் புதன்கிழமையே சாணை பிடிச்சு அண்ணன் வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

தண்ணீர் புரையேறியது.

"அப்போ... இந்தச் சாக்குல இருக்கிறது?"

"கைப்பிடி ஆடிப்போச்சுன்னு அண்ணன் பழைய இரும்புக்குப் போட வெச்சிருந்தது. பஸ்ஸுல விட்டாங்களா, நடந்தே போயிட்டு வந்தீங்களா?"