சிங்கத்தின் மூக்கில் குப்பைத்தொட்டி

ஒரு காட்டில் ஒரு லேப்டாப் இருந்தது. சிங்கம், எருமை, மான் எல்லாம் வழக்கம்போல இருந்தன; அவற்றின் குணநலன்கள் உங்களுக்கு முன்பே தெரியும் என்பதால் லேப்டாப்பிலிருந்தே தொடங்குவோம்.

புலி பார்க்க ஜீப்பில் வந்த ஒரு குடும்பம், புலி கண்ணில் படாத கோபத்தில் பையை மரத்தடியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டது. பைக்குள் அந்த லேப்டாப். அதை வைத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் பக்கத்துக் காட்டில் ஒன்று இருப்பதாகக் காக்கை வந்து சொன்னதால், நம் காட்டிலும் இருந்தே ஆகவேண்டும் என்று சிங்கராஜா முடிவு செய்தார். காவல் கோபுரத்துச் சூரியத் தகட்டிலிருந்து வயரை இழுத்து வந்து ஒரு பாறைமேல் அதை வைத்தார்கள்.

வைத்தபிறகு அதற்கு ஒரு வேலை வேண்டுமல்லவா? கோடையில் அந்தக் காட்டுக்கு ஒரே ஒரு சுனைதான். மானும் சிறுத்தையும் சேர்ந்து தண்ணீர் குடிக்கப் போனால் சிறுத்தை மட்டும்தான் திரும்பி வரும். அதனால் யார் எப்போது குடிக்கலாம் என்று லேப்டாப்பைப் பார்த்து முறை சொல்லும் ஏற்பாடு வந்தது. அந்த வேலை முள்ளம்பன்றி தணிகாசலத்துக்குக் கிடைத்தது. மற்றவர்கள் குளம்பாலும் நகத்தாலும் தட்டினால் நாலு எழுத்து சேர்ந்து விழும். தணிகாசலமோ தன் முள் ஒன்றைப் பிடுங்கி, அதன் நுனியால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்துவான். வேலையோடு சேர்த்து, சுனைக்குப் பக்கத்திலேயே வெயில் எட்டாத ஒரு வளையும் கொடுத்தார்கள். அவன் மனைவி பூங்காவனம் அப்போது நிறைமாதம். அந்த வளை கிடைத்த அன்று அவள் அதன் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

லேப்டாப்தான் சரியில்லை. காலையில் பொத்தானை அமுக்கினால் திரையில் ஒரு வட்டம் சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும். வரிசையில் முதலில் நிற்கும் எருமை ஒரு தூக்கம் போட்டு எழுந்து, "வந்துச்சா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்ளும்.

இதைச் சரிசெய்ய தணிகாசலம் என்ன செய்தான்? லேப்டாப் கையில் கிடைத்த எவரும் முதலில் செய்வதைத்தான் செய்தான். பின்னணிப் படத்தை மாற்றினான். முதலில் பச்சை மலை ஒன்றை வைத்தான். மயில் தோகையை விரித்துக்கொண்டு வந்து நின்றது, சரி என்று மயிலை வைத்தான். "நல்ல சேறு ஒண்ணு வைக்கக்கூடாதா?" என்றது எருமை. ஒருநாள் சேறு வைத்தான். எழுத்தைப் பெரிதாக்கினான், ஓரப்பட்டையைக் கீழிருந்து மேலே ஏற்றினான், அம்புக்குறியை வாழைப்பூ நிறத்துக்கு மாற்றினான். வட்டம் மட்டும் பழையபடியே சுற்றியது. கடைசியில் காக்கை, "ராஜாங்கத்துப் பெட்டியில சேறு படமா? பார்த்தார்னா என்ன ஆகும்?" என்று காதோரம் கேட்டது. அன்றே சிங்கராஜாவின் முகத்தை எடுத்து, திரை முழுக்க வருகிற மாதிரி வைத்தான்.

கேள்விப்பட்டு மறுநாளே சிங்கராஜா பார்க்க வந்தார். பாறைமுன் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"என் மூக்கு மேல என்ன அது?"

"குப்பைத்தொட்டிங்க மகாராஜா."

வரிசையில் நின்ற அத்தனை மிருகங்களும் வானத்தைப் பார்த்தன.

"கண்ணுல?"

"அது ரயில் டிக்கெட் பார்க்கிறதுங்க."

"நம்ம காட்டுல ரயில் ஓடுதா?"

"இல்லைங்க மகாராஜா."

"பிடரி பூரா என்னவோ ஒட்டிட்டிருக்கே?"

"கல்யாண ஆல்பம் செய்யறது ஒண்ணு, ஜாதகப் பொருத்தம் ஒண்ணு, இங்கிலீஷ் கத்துக்கொடுக்கிறது ஒண்ணு. வைரஸ் பிடிக்கிறது மூணு."

"மூணு எதுக்குய்யா?"

"ஒண்ணை ஒண்ணு வைரஸ்னு நெனச்சு சண்டை போட்டுட்டிருக்குங்க. அதனாலதான் பெட்டி தொறக்க நேரமாகுது."

சிங்கராஜா மூக்கை ஒருமுறை தடவிக்கொண்டார். "அமாவாசைக்குள்ள என் முகம் பளிச்சுனு தெரியணும். நான் ஒரு கொட்டாவி விடறதுக்குள்ள பெட்டி தொறக்கணும். இல்லேன்னா அந்த வளையை முயலுக்குக் குடுத்துடுவேன்."

முயல் அந்த வளையின் வாசலை அப்போதே கண்ணால் அளந்துவிட்டது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் பூங்காவனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "ஏங்க, எனக்கும் அமாவாசை வாக்குலதான் இருக்கும்போல. பச்சைக்குழந்தையை வச்சுக்கிட்டு வெயில்ல எங்க போறது?" தணிகாசலத்துக்கு பயமாக இருந்தது. பயந்தால் அவன் முள்ளெல்லாம் நட்டுக்கொள்ளும். அப்போது மனைவியைத் தொட்டு ஆறுதல் சொல்லவும் முடியாது. ஆகவே தள்ளி நின்றே, "நான் பார்த்துக்கறேன்" என்றான்.

மறுநாள் சிங்கத்தின் முகத்தில் இருந்த சின்னச் சின்னப் படங்களையெல்லாம் ஒவ்வொன்றாக அழித்தான். கண் தெரிந்தது, பிடரி தெரிந்தது. குப்பைத்தொட்டியை மூலையில் ஒதுக்கியதும் மூக்கும் தெரிந்தது. சந்தோஷமாக அணைத்து, மறுபடி திறந்தான். வட்டம் ஒரு சுற்றுகூடக் குறையாமல் சுற்றியது.

"பேர்ப்பலகையைத்தான் கழட்டியிருக்கே தம்பி. ஆளு உள்ளேயேதான் உக்காந்திருக்கான்" என்றது மேலே இருந்து ஒரு குரல்.

பாறைக்கு மேலே நீண்டிருந்த கிளையில் தேவாங்கு அருளானந்தம் தொங்கிக்கொண்டிருந்தார். தர்பாரில் அவருக்கும் ஒரு பதவி உண்டு. என்ன பதவி என்பது தர்பாருக்கும் தெரியாது, அவருக்கும் மறந்துபோயிற்று. பகல் முழுக்கத் தூங்குவார். கண் அவ்வளவு பெரிது என்பதால் அது மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று யாரும் கிட்டே போய்ப் பார்த்ததில்லை. வேளாவேளைக்குப் பழம் மட்டும் சரியாகப் போய்ச் சேரும்.

தணிகாசலம் புது முள் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே இறங்கினான். ஒவ்வொரு மென்பொருளையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டான்: இது நமக்கு என்ன வேலை செய்கிறது? பதில் இல்லையென்றால் எடுத்துவிட வேண்டியதுதான். ஜாதகப் பொருத்தத்தை எடுப்பதற்கு முன்னால், ஒரு ஆசைக்குத் தன் பெயரையும் பூங்காவனத்தின் பெயரையும் போட்டுப் பார்த்தான். பொருத்தமே இல்லை என்று வந்தது. அதைத்தான் முதலில் நீக்கினான். அடுத்து ரயில் போயிற்று. கல்யாண ஆல்பம் போகும்போது, 'எங்களை விட்டுப் பிரிகிறீர்களே, எங்களிடம் என்ன குறை?' என்று கேட்டது. "பிரியறது நீதானே" என்று சொல்லி அதையும் அனுப்பினான். வைரஸ் பிடிப்பவர்கள் மூவரில், மற்ற இருவரையும் அடித்துக்கொண்டிருந்த பலசாலியை மட்டும் வைத்துக்கொண்டான். ஒவ்வொன்றும் போகப்போக வட்டத்தின் சுற்று குறைந்தது. அவனுக்கே அது பெரிய ருசியாகிவிட்டது, சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

கடைசியில் ஒன்று மிச்சமிருந்தது. அதன் பெயர் 'உள்ளிணைப்புச் சார்பு இயக்கச் சேவை, பதிப்பு இரண்டு.' பெட்டியின் பலத்தில் கால்வாசியை அதுவே தின்றுகொண்டிருந்தது. தணிகாசலத்தின் முள் அதன் பக்கத்தில் போயிற்று, திரும்பி வந்தது. மறுபடி போயிற்று, மறுபடியும் திரும்பியது.

"அதை மட்டும் ஏன் விட்டுட்டே?" என்றார் தேவாங்கு.

"பேரே புரியலைங்கண்ணே. எடுத்தா எது நின்னுபோகுமோ, யாரு கண்டா?"

"அது என்னதான் பண்ணுது?"

"ஒண்ணும் பண்ற மாதிரி தெரியலை. நல்லா சாப்பிடுது."

"ம்" என்றார் தேவாங்கு. அந்தப் பெயரை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். அப்புறம் வாய்க்குள்ளேயே அதை முணுமுணுத்தபடி தூங்கிப்போனார்.

அமாவாசையன்று சிங்கராஜா வந்து பாறைமுன் நின்று வாயைத் திறந்தார். கொட்டாவி பாதி வந்துகொண்டிருக்கும்போதே பெட்டி திறந்துவிட்டது. அவர் முகம், ஒரு புள்ளி அழுக்கில்லாமல், திரை முழுக்க இருந்தது. கீழே யாருக்கு முறை என்பது தானாகவே வந்து நின்றது. எருமை தூங்க நேரமில்லாமல் நேரே சுனைக்குப் போயிற்று. அன்றைக்கு மத்தியானம் பூங்காவனத்துக்கு ரெட்டைக்குட்டி பிறந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தணிகாசலம் தன்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொண்டான்.

கதை இங்கேயே நின்றிருந்தால் உழைப்பே உயர்வு என்று முடித்துவிட்டு நாமும் வீட்டுக்குப் போகலாம். சிங்கராஜா போகவிட்டால்தானே.

"எப்படிய்யா பண்ணினே?" என்று கேட்டார்.

"ரொம்ப சுலபம்ங்க மகாராஜா. என்ன வேலை செய்யுதுன்னு சொல்லத் தெரியாததையெல்லாம் தூக்கிட்டேன். மத்தது தானா வேகமாயிடுச்சு."

சிங்கராஜா யோசித்தார். அவர் யோசிப்பது அபூர்வம். யோசித்தால் யாருக்காவது கெடுதல் வரும்.

"இந்தக் காடும் ரொம்ப மெதுவாத்தான் போகுது. இதையும் அப்படியே பண்ணிடு" என்றார்.

மறுநாள் தர்பாரில் எல்லா மிருகங்களையும் வரிசையில் நிறுத்தினார்கள். கேள்வி கேட்க வேண்டியவன் தணிகாசலம். கழுகைப் பார்த்து, "உன் வேலை என்ன?" என்றான். "யாராவது செத்தா வந்து சுத்தம் பண்ணுவேன்." "இப்ப யாரும் சாகலையே" என்றார் சிங்கராஜா. கழுகு போயிற்று. சாணவண்டு, "உருட்டறேங்க" என்றது. எங்கே உருட்டுகிறது என்று கேட்டதற்கு, "அங்கிட்டு" என்றது. அதுவும் போயிற்று. தவளை, மழை வந்தால் கத்துவதாகச் சொன்னது. மழையே இல்லாத மாதத்தில் இது என்ன பதில் என்று அதையும் அனுப்பிவிட்டார்கள். தவளை குஞ்சுகுளுவான்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வெயிலில் குதித்துக் குதித்துப் போவதைத் தணிகாசலம் பார்த்தான். அவனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. வளைக்குள் தன் ரெட்டைக்குட்டிகள் குளிர்ச்சியாகத் தூங்குவதை நினைத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பி, "அடுத்தது" என்றான்.

அடுத்தது தேவாங்கு.

"அண்ணே, உங்க வேலை?"

தேவாங்கு நிதானமாகக் கண்ணைச் சுழற்றினார். "உள்ளிணைப்புச் சார்பு இயக்கச் சேவை" என்றார். சிறிது இடைவெளி விட்டு, "பதிப்பு இரண்டு" என்றும் சேர்த்துக்கொண்டார்.

சிங்கராஜா தணிகாசலத்தின் பக்கம் குனிந்து, "இதை எடுத்தா என்னய்யா ஆகும்?" என்று மெல்லக் கேட்டார்.

"தெரியாதுங்க மகாராஜா" என்றான் அவன். அது சத்தியம்.

"அப்ப இருக்கட்டும். பழத்தை ரெண்டு பங்காக் குடுங்க" என்று சொல்லிவிட்டு சிங்கராஜா நிமிர்ந்தார். வரிசையில் வேறு யாரும் இல்லை. அவர் பார்வை தணிகாசலத்தின் மேலேயே நின்றது.

"பெட்டி இப்ப தானாவே தொறக்குது, இல்ல?"

"ஆமாங்க மகாராஜா" என்றான் தணிகாசலம் பெருமையாக.

"முறையும் தானாவே வருது?"

"அப்படித்தாங்க பண்ணி வச்சிருக்கேன்."

"அப்ப உன் வேலை என்ன?"

தணிகாசலத்துக்கு முள்ளெல்லாம் ஒருசேர நட்டுக்கொண்டது. "நான்... பார்த்துக்கறேங்க."

"எதை?"

"அது ஓடுறதை."

"அதுதான் நல்லா ஓடுதேய்யா" என்றார் சிங்கராஜா, கோபமே இல்லாமல்.

சாயங்காலத்துக்குள் வளையைக் காலிசெய்யச் சொன்னார்கள். முயலுக்கும் அது கிடைக்கவில்லை. சார்பு இயக்கச் சேவை பெட்டிக்குப் பக்கத்திலேயே இருப்பதுதான் நல்லது என்று காக்கை எடுத்துச் சொன்னதால் தேவாங்குக்குப் போயிற்று. பூங்காவனம் குட்டிகளுக்கு நிழல் விழுகிற மாதிரி வெயில் பக்கமாகவே நடந்தாள். தேவாங்கு தொங்கும் கிளையைத் தாண்டும்போது தணிகாசலத்துக்கு மனசு ஆறவில்லை.

"அண்ணே, நெசமா நீங்க என்ன வேலைதான் செய்றீங்க?"

"அந்தப் பெட்டியில மிச்சம் விட்டியே, அது செய்ற வேலைதான் தம்பி" என்றார் தேவாங்கு அன்பாக. வழிக்கு ஒரு பழமும் கொடுத்தார்.

அவர்கள் மலையைச் சுற்றிக்கொண்டு பக்கத்துக் காட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கேயும் ஒரு பாறை, அதன்மேல் ஒரு லேப்டாப், அதன்முன்னே நீளமான வரிசை. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் காட்டு ராஜாவான யானையின் படம் பின்னணியில் இருந்தது. துதிக்கை நுனியில் குப்பைத்தொட்டி. தணிகாசலத்துக்குக் கை துறுதுறுத்தது. அரைநாள் கொடுத்தால் போதும், அத்தனையையும் சுத்தம் செய்து ஓடவிட்டுவிடுவான். முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கியும்விட்டான்.

"ஏங்க" என்றாள் பூங்காவனம். அவ்வளவுதான் சொன்னாள். இடுப்பில் குட்டிகள் இரண்டும் வெயிலில் சுருண்டு கிடந்தன.

காவலுக்கு நின்ற காட்டுப்பன்றி எதிரே வந்து, "யாருய்யா நீ? என்ன வேலை தெரியும்?" என்று கேட்டது.

தணிகாசலம் கையிலிருந்த முள்ளைக் கீழே போட்டான். மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டான்.

"மேல்நிலை இடைமுகச் சார்பு ஒத்திசைவுச் சேவை" என்றான். "பதிப்பு மூன்று."

காட்டுப்பன்றி ஒருகணம் விழித்தது. பிறகு வழிவிட்டு ஒதுங்கி, சுனைக்குப் பக்கத்தில் நல்ல நிழலாக ஒரு வளை காலியாக இருக்கிறது, அம்மாவும் பிள்ளைகளும் முதலில் போய்ப் படுக்கட்டும் என்றது.

நீதி: வேலை தெரிந்தவனை வேலை முடிந்ததும் அனுப்பிவிடுவார்கள். ஆகையால் பிள்ளைகளே, எதையும் முழுசாகச் சரிசெய்துவிடாதீர்கள். யாருக்கும் புரியாத பெயர் ஒன்றை வைத்துக்கொண்டு, வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.