எனக்கே அனுமதி இல்லை

இத்தனை வருஷ வேலையில் நான் ஒரு திருடனையும் தடுத்ததில்லை. ஆனால் ஒரு டயாலிசிஸ் மையத்தையே ஒரு காலை முழுக்க வெளியே நிறுத்தியிருக்கிறேன்.

தர்மபுரியில் இருந்த அந்தச் சின்ன மையத்தின் சர்வரை அதியமான்கோட்டை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்வது என் வேலை. சர்வர் சேலத்தில், பூட்டிய அறை ஒன்றில் இருந்தது. வேலையை விட்டுப் போனவர்களின் பாஸ்வேர்டுகூட அதில் இன்னும் செல்லுபடியானது. அதனால் பழைய லாகின் மென்பொருளை எடுத்துவிட்டு, போனுக்கு எண் வந்தால்தான் திறக்கும் புதியதைப் போடத் தீர்மானித்தேன்.

புதிய வழியில் ஒருமுறை நுழைந்து பார்த்த பிறகுதான் பழைய வழியை அடைக்க வேண்டும். (இதை நாலு பேருக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன்.) அன்று காலை ஏழரைக்குத் தோசை ஆறிக்கொண்டிருந்தது. “ஒரு தடவ சரி பாத்துட்டு வாங்களேன்” என்றாள் என் மனைவி சுமதி. “எல்லாம் பக்கா” என்று பழையதை அடைத்துவிட்டுச் சாப்பிட எழுந்தேன்.

திரும்பி வந்து நுழைந்தால், ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்றது திரை. புதிய மென்பொருளின் அனுமதிப் பட்டியலில் ஒரு பெயரைக்கூட நான் ஏற்றவில்லை, என் பெயர் உட்பட.

எட்டேகாலுக்கு நர்ஸ் ரேவதி கூப்பிட்டார். “சார், ஒன்னும் தொறக்கலைங்க. பதினோரு பேரு ஒக்காந்திருக்காங்க. யாருக்கு ஒடம்புலருந்து எவ்ளோ தண்ணி எடுக்கணும்னு எல்லாம் அதுலதான் இருக்குது.”

“அஞ்சு நிமிஷங்க.”

“மாதம்மாளுக்கு மூச்சு வாங்குது சார். வத்தல்மலையிலருந்து மொத பஸ்ஸுக்கு எறங்கி வந்தவங்க.”

இனி சர்வர் இருக்கும் அறைக்கே போனால்தான் சரிசெய்ய முடியும். சேலத்துக்குப் பைக்கை எடுத்தேன். தொப்பூர் கணவாயில் லாரி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. வரிசையில் நின்றபடி ஹெல்மெட்டுக்குள்ளேயே அழுதேன். (அழுதால் கண்ணாடி முழுக்க ஆவி படியும் என்பது அன்றுதான் தெரிந்தது.) சேலம் போய், சர்வர் முன்னாலேயே உட்கார்ந்து பட்டியலைச் சரிசெய்து முடிக்கும்போது மணி பதினொன்றே கால்.

அதற்குள் டாக்டர் வந்து, எடை பார்த்து, நோயாளிகள் கையிலிருந்த பழைய சீட்டுகளை வைத்து ஒவ்வொருவருக்காக ஆரம்பித்திருந்தார். மாதம்மாளை மட்டும் ஆக்சிஜனோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று நாள் அங்கே கிடந்தார்.

இரண்டாம் நாள் ஆப்பிள் பழத்தோடு போய் நின்றேன். கால் வீங்கி, குரல் தேய்ந்து படுத்திருந்தார்.

“கம்ப்யூட்டரப் பூட்டுன தம்பி நீதானா?”

“ஆமாங்கம்மா. என் தப்புதாங்க.”

“எனக்கு மூச்சு அடைச்சுது. உனக்கு என்னப்பா அடைச்சுது?”

பழத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது அந்த மையத்தில் ஒவ்வொருவரின் தண்ணீர்க் கணக்கும் தாளிலும் இருக்கிறது. நானும் புதிய வழியில் இரண்டு முறை நுழைந்து பார்க்காமல் பழையதைத் தொடுவதில்லை. நடந்ததைச் சுமதியிடம் சொன்னதுதான் நான் செய்த அடுத்த தப்பு. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நான் திருதிருவென்று விழிக்கும்போதெல்லாம், அவளும் மகளும் சேர்ந்தே கேட்கிறார்கள்: “உனக்கு என்னப்பா அடைச்சுது?”

வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு.